முள் சிவப்புக்குப் போனால் வண்டியை நிறுத்துங்கள், தம்பி

சிட்னிக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, பழைய கார் ஒன்று வாங்கினேன், வெப்ப முள் சிவப்புவரை ஏறுகிறது, தண்ணீர் ஊற்றி ஊற்றி மெல்பர்ன் போய்விடலாமா, எந்தப் பகுதியில் வாடகை குறைவு என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை விவரம் நம்மவர்கள் நிறைய இருக்கும் சிட்னியின் வென்ட்வொர்த்வில் பகுதியில் யாரைக் கேட்டாலும் கிடைக்கும். கார் விஷயத்தில் நான் சும்மா இருக்க முடியாது.

போகாதீர்கள். சிவப்பில் சில நிமிடம் ஓடினாலே இஞ்சினின் மேல்மூடியான அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் காஸ்கெட் போய்விடலாம். அந்தச் செலவு நீங்கள் காருக்குக் கொடுத்த விலையையே தாண்டலாம். ஏறிய முள் திடீரென இறங்கினாலும் நிம்மதி வேண்டாம். இஞ்சினைக் குளிர்விக்கும் நீரான கூலன்ட் வற்றி, வெப்பத்தை அளக்கும் சென்சாரைத் தொட ஒன்றுமில்லாமல் போனாலும் அது இறங்கும். வண்டிப் பதிவுக்காகத் தரும் பரிசோதனைச் சீட்டான பிங்க் ஸ்லிப்பை நம்பாதீர்கள். அது பிரேக், டயர், விளக்கு பார்த்துக் கொடுப்பது. மெல்பர்னுக்கு இரவு ரயில் இருக்கிறது, அதில் போங்கள்.

வழியில் சூடேறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாக வையுங்கள். இஞ்சின் சூட்டில் கொஞ்சம் உங்கள் மேல் இறங்கும், வேர்க்கட்டும். ஓரம் கிடைத்ததும் நிறுத்துங்கள், ஆனால் காய்ந்த புல் மேல் வேண்டாம், தீப்பிடிக்கும். ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடவே தொடாதீர்கள். உள்ளே இருப்பது அழுத்தத்தில் அடைபட்ட, 100 டிகிரியையும் தாண்டிய நீர்.

2004 ஜனவரியில் நான் தொட்டேன். 'தண்ணீர் ஊற்றினால் ஓடும்' என்று சொல்லி அந்தக் காரை என் தலையில் கட்டியவர் நம் ஊர்க்காரர். புதிதாக வருகிறவர்களிடம் ஓட்டை வண்டியைத் தள்ளிவிடுவதை நம்மவர்கள் உதவி என்றே நினைக்கிறார்கள். இன்றும் எனக்கு அதில் ஆத்திரம் உண்டு. அதன் பிறகு ஞாயிறுதோறும், இஞ்சின் குளிர்ந்திருக்கும் காலையில், கூலன்ட் அளவை நானே பார்க்கிறேன். இருபது வருடமாக என் வண்டி எதுவும் வழியில் நின்றதில்லை.

அன்று மெல்பர்ன் போகும் ஹியூம் நெடுஞ்சாலையில் கோல்பர்ன் ஊரைத் தாண்டி நின்றோம். கைக்குட்டையைச் சுற்றி மூடியைத் திருகினேன். சீறி வந்த நீர் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை அடித்தது. மனைவி புளியோதரைப் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். பின்னால் வந்த லாரியை நிறுத்தி இறங்கிய பெரியவர் இஞ்சினைப் பார்க்கவே இல்லை. என்னை லாரி நிழலில் உட்கார வைத்து, தன் தண்ணீர்க் கேனைச் சாய்த்து என் கைமேல் விட்டார். போதும் என்றேன். கடிகாரத்தைக் காட்டி, இருபது நிமிடம் என்றார். முழுதும் கேனைப் பிடித்தபடியே நின்றார்.