யார் காசில் வரும் செய்தி? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பர்மாவில் (மியான்மர்) பெகு பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். சாயங்காலம் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் நடக்கும் ஒரு சண்டைக்காகத்தான் இதை எழுதுகிறேன். அண்ணன் மகனுக்கு இருபது வயது. இணையத் தடையைத் தாண்டும் விபிஎன் போட்டு டிவிபி, மிஸ்ஸிமா, ஐராவதி என்ற பர்மியச் செய்தி நிறுவனங்களையெல்லாம் பார்க்கிறான். அதெல்லாம் அமெரிக்காக்காரன் காசில் நடப்பது, அவன் சொல்லச் சொன்னதைத்தான் சொல்வார்கள் என்கிறார் என் மாமா. "ட்ரம்ப் பணத்தை நிறுத்தினதும் கடையை மூடிட்டாங்களே, இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வேற்று நாட்டு அரசாங்கம் சம்பளம் கொடுக்கும் செய்தியை எப்படி நம்புவது? நீங்கள் யாரிடமாவது பணம் வாங்குகிறீர்களா என்றும் கேட்கச் சொன்னார். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

(பெயரும் ஊரும் நீக்கப்பட்டுள்ளன)

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் வாங்கவில்லை. இந்தத் தளத்துக்கு ஆகும் செலவு என் கைக்காசு. கேட்டதில் கோபப்பட ஒன்றும் இல்லை. எழுதுகிற எவரிடமும் இதைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

உங்கள் மாமாவின் சந்தேகம் வெறும் டீக்கடைப் பேச்சு என்று நான் நினைக்கவில்லை. அதற்கு வரலாறு இருக்கிறது. ரேடியோ ஃப்ரீ யூரோப் என்ற வானொலிக்கு அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ இருபது ஆண்டுகளுக்கு மேல் ரகசியமாகப் பணம் கொடுத்தது. பொதுமக்கள் நன்கொடையில் நடப்பதாக ஊருக்குச் சொல்லிக்கொண்டார்கள். 1970களின் தொடக்கத்தில்தான் அது வெளிப்படையான அரசு நிதிக்கு மாறியது. ரேடியோ ஃப்ரீ ஏசியா என்ற பெயரிலும் 1950களின் தொடக்கத்தில் சிஐஏ ஒரு வானொலியை நடத்திப் பார்த்து மூடியது.

நம் ஊரில் கேட்ட ரேடியோ ஃப்ரீ ஏசியா அது அல்ல. 1994-ல் வந்த ஒரு சட்டத்தின்படி அமைக்கப்பட்டு 1996-ல் ஒலிபரப்பைத் தொடங்கியது. அமெரிக்க நாடாளுமன்றம் பகிரங்கமாக ஒதுக்கிய பணத்தில் நடந்தது. செய்தியில் அதிகாரிகள் கைவைக்கக் கூடாது என்பது அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. சட்டம் இருந்துவிட்டால் யாரும் கைவைக்க மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. 2001 செப்டம்பரில் தாலிபான் தலைவர் முல்லா ஓமரின் பேட்டியை அமெரிக்க அரசு வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ஒலிபரப்பக் கூடாது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை எதிர்த்தது. உள்ளே வேலை பார்த்தவர்கள் விடவில்லை, சில நாளில் பேட்டியின் பகுதிகள் செய்தியில் வந்தன. அரசாங்கப் பணத்தில் நடக்கும் செய்தி நிறுவனத்துக்குள் எப்போதும் இந்த இழுபறி இருக்கும். இழுக்கும்போது உள்ளே இருப்பவர்கள் எதிர்த்து நிற்கிறார்களா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

டிவிபியின் கதை வேறு. 1992-ல் நார்வேயின் ஓஸ்லோவில் தொடங்கியது, ஆரம்பத்திலிருந்தே நார்வே அரசின் உதவி அதற்கு உண்டு. உங்கள் மாமா அமெரிக்காவையே சொல்கிறார். நார்வேயை வைத்துச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள், இன்னும் நல்ல சோதனை அது. டெலினார் என்ற கைப்பேசிச் சேவை நிறுவனத்தில் பெரும்பங்கு நார்வே அரசுடையது. நம் ஊரில் சுமார் 1.8 கோடிப் பேர் அந்த சிம் வைத்திருந்தார்கள். 2021-ல் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த பிறகு டெலினார் தன் பர்மாத் தொழிலை விற்க முடிவெடுத்தபோது, வாடிக்கையாளர்களின் தகவல் ராணுவத்தின் கைக்குப் போய்விடும் என்று பயந்து 474 பர்மிய அமைப்புகளின் சார்பில் நார்வேயிலேயே புகார் கொடுத்தார்கள். 2022 மார்ச்சில் விற்பனை முடிந்தும்விட்டது. நார்வே காசு வாங்கும் டிவிபி அந்த நாட்களில் டெலினாரைப் பற்றி என்ன எழுதியது, எவ்வளவு எழுதியது என்று உங்கள் அண்ணன் மகனே தேடிப் படிக்கட்டும். படித்துவிட்டு மாமாவிடம் காட்டட்டும். நான் முடிவு சொல்வதைவிட அவன் கண்டுபிடிப்பதற்கு வீட்டில் மதிப்பு அதிகம்.

சரி, வெளிநாட்டுக் காசு ஏன் வந்தது என்பதையும் பேச வேண்டும். மாமா அதைச் சொல்வதில்லை. நல்ல பத்திரிகை ஒன்று வாசகர் காசிலும் விளம்பரத்திலும் பிழைக்க வேண்டும். அந்த இரண்டு வழியையும் நம் நாட்டில் அடைத்துவிட்டார்கள். ராணுவ ஆட்சியாளர் நே வின் காலத்தில் தனியார் பத்திரிகைகளை அரசு எடுத்துக்கொண்டது. 1960களின் நடுவில் பர்மிய மொழியும் ஆங்கிலமும் தவிர மற்ற மொழிப் பத்திரிகைகளுக்கு அனுமதி மறுத்தார்கள். ரங்கூனில் தமிழ் நாளிதழ் படித்து வளர்ந்த தலைமுறை அதோடு வெறுங்கையாக நின்றது. அப்புறம் 2012 ஆகஸ்டில்தான் அச்சுக்கு முந்தைய தணிக்கை போனது, 2013 ஏப்ரல் 1 முதல் தனியார் நாளிதழ்கள் வந்தன. எட்டு வருடம் தாங்கவில்லை. 2021 மார்ச் 8 அன்று மிஸ்ஸிமா, டிவிபி, கிட் திட், மியான்மர் நவ், 7டே என்று ஐந்து நிறுவனங்களின் உரிமத்தை ஒரே நாளில் ரத்து செய்தார்கள். உரிமம் இல்லாத பத்திரிகைக்கு எந்தக் கடைக்காரர் விளம்பரம் கொடுப்பார்? மொபைல் வழியாக ராணுவத்தின் எதிர்த்தரப்புக்கு நன்கொடை அனுப்பியவர்களே கைதான ஊரில், எந்த வாசகர் சந்தா கட்டத் துணிவார்? வாசகர் கொடுக்க முடியாதபடி செய்துவிட்டு, வெளிநாட்டிடம் வாங்குகிறான் பார் என்று கைகாட்டுவது பெரிய அநியாயம். எனக்கு இதில் உண்மையிலேயே ஆத்திரம் வருகிறது.

அதே ராணுவம் நடத்தும் நாளிதழும் எம்ஆர்டிவி என்ற அரசுத் தொலைக்காட்சியும் யார் காசில் ஓடுகின்றன? உங்கள் மாமா கட்டும் வரியில். அந்த இடத்திலும் இதே கேள்வியை அவர் கேட்டால் நான் மகிழ்வேன்.

2017 செப்டம்பரையும் அவருக்கு நினைவுபடுத்துங்கள். எம்என்டிவி என்ற உள்ளூர்த் தொலைக்காட்சி பிபிசி பர்மிய நிகழ்ச்சிகளை ஒளிபரப்பி வந்தது. ரொகிங்யா மக்களைப் பற்றிய பகுதிகளில் அந்தத் தொலைக்காட்சி கத்தரி போட்டதும் பிபிசி உறவை முறித்துக்கொண்டது. பிபிசி உலக சேவை பல காலம் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் பணத்தில் நடந்தது, இப்போதும் ஒரு பகுதி அங்கிருந்து வருகிறது. நாம் தலைமுறைகளாகக் கேட்ட பிபிசி தமிழோசையும் அதே பணம்தான். 1941 முதல் 2017 வரை ஒலித்ததே, அதை நம்பித்தானே ஈழப் போரின் செய்தியைக் கேட்டோம்?

இவ்வளவு சொன்னதால் வெளிநாட்டு நிதியால் ஒரு கெடுதலும் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கெடுதல் இருக்கிறது, ஆனால் மாமா நினைக்கும் இடத்தில் இல்லை. பணம் கொடுப்பவன் பொய் எழுதச் சொல்வது அபூர்வம். எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்காமல் விடலாம் என்பதைத்தான் அவன் தீர்மானிக்கிறான். மானிய விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டும், அவர்கள் அந்த வருடம் கேட்கும் தலைப்பில் எழுத வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்க வேண்டும். யார் அந்தத் தலைப்புக்குள் அடங்குகிறார்களோ அவர்கள் செய்தி ஆகிறார்கள். நம் ஆட்களைப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை வந்தது. 18 முதல் 35 வயது வரை உள்ள ஆண்கள் என்றார்கள். பெகுவிலும் மோல்மீனிலும் தமிழ்க் குடும்பங்கள் பையன்களை எங்கே அனுப்புவது என்று தூங்காமல் கிடந்தன. அதை நம்மைப் பற்றிய செய்தியாக யாராவது எழுதி நான் படித்ததில்லை. நாம் எந்த நாட்டின் மானியப் பட்டியலிலும் இல்லை. வெளிநாட்டுக் காசின் உண்மையான செல்வாக்கு என்று நான் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது கெடுதல், 2025-ல் எல்லோரும் பார்த்தது. ஜனவரி 20 அன்று அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. அந்த ஆண்டு உலகம் முழுக்க சுதந்திர ஊடகங்களுக்கென்று வைத்திருந்த 26.8 கோடி டாலர் அதில் சிக்கியதாக எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு சொன்னது. மார்ச் 15 அன்று வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் 1,300 பேருக்கு மேல் கட்டாய விடுப்பு. பர்மிய ஒலிபரப்பும் நின்றது. சரியாகப் பதின்மூன்றாம் நாள், மார்ச் 28, சகாயிங்கிலும் மாண்டலேயிலும் 7.7 அளவில் நிலம் நடுங்கியது. மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். மின்சாரமும் இணையமும் இல்லாத ஊர்களுக்கு வானொலி மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் அந்த அலைவரிசை ஊமையாக இருந்தது. ரேடியோ ஃப்ரீ ஏசியாவும் அக்டோபர் முடிவில் செய்திப் பணியை நிறுத்தியது.

மாமா இதைச் சாட்சி என்கிறார். அவர்கள் அடுத்தவர் பணத்தை நம்பி இருந்தார்கள் என்பதற்குச் சாட்சிதான். பொய் சொன்னார்கள் என்பதற்கு இல்லை. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா தனக்கு எதிராகப் பேசுகிறது என்று குற்றம் சாட்டித்தான் வெள்ளை மாளிகை அதன் மீது பாய்ந்தது. சொன்னதை அப்படியே சொல்லும் வாயை யாராவது தைப்பார்களா என்று அவரிடம் கேளுங்கள்.

அண்ணன் மகன் பார்க்கட்டும். ஒரே செய்தியை இரண்டு வேறு நாட்டுக் காசில் நடப்பவர்களிடம் பார்க்கச் சொல்லுங்கள், பிபிசி பர்மியத்தில் ஒன்று, டிவிபியில் ஒன்று. சண்டையில் செத்தவர் எண்ணிக்கையை இரண்டு தரப்பும் தனக்குத் தோதாகச் சொல்லும், அதை உடனே நம்ப வேண்டாம். ஊர்ப் பெயர், நாள், நேரில் பார்த்தவர் பேச்சு இருக்கும் செய்திக்கு அதிக மதிப்பு கொடுக்கட்டும். வெளியே போகும்போது விபிஎன்னையும் அந்தப் பக்கங்களையும் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், சோதனைச் சாவடியில் கைப்பேசியை வாங்கிப் பார்க்கிறார்கள். எனக்கும் எந்தப் படமும் இணைப்பும் அனுப்ப வேண்டாம். எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் சொல்கிறேன். மாமாவுக்கு என் வணக்கம்.