ஆடிக் கூழோடு மனுவும் போகட்டும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். மழை பெய்தால் தெருத் தண்ணீர் முற்றத்துக்கு வந்துவிடுகிறது. பக்கத்துக் காலி மனையில் கண்டவர்களும் குப்பை கொட்டுகிறார்கள். குடியிருப்போர் சங்கம், கோயில் சபை, இரவுக் காவல் குழு மூன்றும் தனித்தனியாக நகராட்சிக்கு எழுதிப் பார்த்தும் பலனில்லை. சேர்ந்து செய்வது எப்படி? சங்கத்தைப் பதிவு செய்தால்தான் மதிப்பார்களா?

பதில்: பதிவை அப்புறம் பார்ப்போம். முதலில், வெயில் காயும் ஒரு நாளில் அந்த வடிகாலைப் போய்ப் பாருங்கள். மழையே இல்லாதபோதும் தண்ணீர் ஓடினால், பெரும்பாலும் எங்கோ கழிவுநீர் கலக்கிறது அல்லது குடிநீர்க் குழாய் உடைந்திருக்கிறது என்று பொருள். வாடை அடித்தால் பெரும்பாலும் கழிவுநீர்தான். காய்ந்து கிடந்து, மழையில் மட்டும் பொங்கினால் அடைப்பு, இல்லாவிட்டால் குழாய் சிறியது. இவை ஒவ்வொன்றுக்கும் பிரிவு வேறு. 'வடிகால் பிரச்சினை' என்று மொட்டையாக எழுதினால் கடிதம் மேசை மேசையாகச் சுற்றும்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பான விஷயம். நம் வீடுகளிலேயே சிலர் கூரைத் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் இணைத்திருப்பார்கள். பெருமழையில் ஆள்துளை (மேன்ஹோல்) மூடி தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் நாறுவதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் தெருவில் அப்படி எத்தனை வீடு என்று நீங்களே முதலில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அதிகாரி வந்து சுட்டிக்காட்டினால் தலைகுனிவு நமக்குத்தான்.

அடைப்பு எடுப்பது பராமரிப்பு வேலை. புகார் எண் வாங்கி, அதே எண்ணைச் சொல்லி விடாமல் கேட்டால் போதும். மூன்று குழுவும் மூன்று எண் வாங்காதீர்கள். ஒருவர் புகார் கொடுக்கட்டும், மற்றவர்கள் அந்த எண்ணையே குறிப்பிடட்டும். இதற்கென்று ஒரு வாட்ஸப் குழு வையுங்கள். அதில் படம், தேதி, புகார் எண், இவ்வளவுதான். காலை வணக்கப் பூக்களுக்கு வேறு இடம் இருக்கிறது.

பெரிய குழாய் போடுவது அப்படியல்ல, அதற்கு வரவுசெலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்க வேண்டும். பெரும்பாலான சங்கங்கள் கோட்டை விடுவது இங்கேதான். நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தைத் தயாரிப்பதற்கான கால அட்டவணையைப் பத்து மாதம் முன்பே, அதாவது ஆகஸ்ட் முடிவதற்குள், நகராட்சி மன்றத்தில் வைக்க வேண்டும் என்பது சட்டம். வரைவுத் திட்டம் மார்ச் இறுதிக்குள் மன்றத்துக்கு வந்துவிடும். பிறகு மக்கள் கருத்துச் சொல்லலாம்தான், ஆனால் அதற்குள் பணம் பெரும்பாலும் பங்கு பிரிந்திருக்கும். அதனால் ஜூலை, ஆகஸ்டிலேயே உங்கள் மனு போய்ச் சேர வேண்டும். நம் ஊர்க் கோயில்களில் ஆடிக் கூழ் ஊற்றுவது சரியாக அந்த ஜூலை, ஆகஸ்டில்தான். ஊரே கூடி நிற்கும் இடம், கையெழுத்து வாங்க வேறு எங்கே போக வேண்டும்? கோயில் சபையிடம் கேட்டு வாசலில் ஒரு மேசை போடுங்கள். மூன்று குழுவின் பெயரிலும் ஒரே மனு, அதில் ஒரே கோரிக்கை.

மனுவை வார்டு குழுவுக்குக் கொண்டுபோங்கள். சட்டப்படி அதற்குக் கவுன்சிலர்தான் தலைவர், மற்ற உறுப்பினர்கள் அதிகபட்சம் 10 பேர். அந்தப் பத்துப் பேரில் ஒருவராவது உங்கள் பகுதியைச் சேர்ந்தவரா என்று விசாரித்து, அவரையும் கூட்டத்துக்கு அழையுங்கள்.

சரி, பதிவு. புகாருக்கோ மனுவுக்கோ அது தேவையில்லை. நன்கொடை, மானியம் என்று பணம் வரப்போகிறது என்றால் 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூக மேம்பாட்டுத் துறையில் லாப நோக்கற்ற அமைப்பாகப் பதியலாம். கட்டணம் இல்லை, ஆனால் ஆண்டுதோறும் அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்குச் சலிக்காத ஒரு செயலாளர் கிடைக்கும்வரை பதியாமல் இருப்பதே மேல். வங்கிக் கணக்கு மட்டும் இருவர் கையெழுத்தில் இருக்கட்டும்.

காலி மனைக்கு உரிமையாளர் யார் என்று நகராட்சியில் கேளுங்கள். தனியார் என்றால், சுத்தம் செய்யச் சொல்லி அவருக்கு நோட்டீஸ் அனுப்பக் கோரலாம். ஆனால் கொட்டுகிறவர்களில் பக்கத்துக் குடிசைப் பகுதிக்காரர்களும் இருந்தால், அவர்கள் சந்துக்குள் குப்பை லாரி நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால், வேலி போட்டாலும் குப்பை வேலிக்கு வெளியே குவியும். அடுத்த கூட்டத்துக்கு அவர்களையும் கூப்பிடுங்கள், அறிவிப்பை ஜூலு மொழியிலும் ஒட்டுங்கள். அவர்களுக்கும் ஒரு குப்பை எடுக்கும் இடம் வேண்டும் என்று அதே மனுவில் ஒரு வரி சேருங்கள்.