மகளும் நன்றாக ஆடுவாள்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் குடியிருக்கிறோம். எங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள், ஒரு பையன், ஒரு பெண். இருவரும் பன்னிரண்டாம் வகுப்பு, டென்னிஸ் ஆடுகிறார்கள். மகனின் யூடிஆர் (டென்னிஸ் ஆட்டத் தரத்தைக் காட்டும் எண்) 11.87. முதல் சர்வ் பிரமாதம். வலது முழங்காலில் பட்ட அடியும் ஆறிவிட்டது. பேக்ஹேண்டுக்கென்றே தனிக் கோச் வைத்திருக்கிறேன். மகளும் நன்றாக ஆடுவாள். ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருவருக்கும் முயன்றோம். பெண்கள் அணியில் மகளுக்கு முழு ஸ்காலர்ஷிப். ஆண்கள் அணிக் கோச்சோ, "சொந்தச் செலவில் வந்து சேரட்டும், இடமிருந்தால் பார்க்கலாம்" என்கிறார். ஆண் பிள்ளைகளுக்கு இது அநியாயம் இல்லையா? "எடுத்தால் இரண்டு பேரையும் எடுங்கள், இல்லாவிட்டால் இருவரும் வரமாட்டார்கள்" என்று பெண்கள் அணிக் கோச்சிடம் சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள். சொன்னால் அவர் அடுத்த பெண்ணுக்குப் போன் போட்டுவிடுவார். ஆண்கள் அணியில் யாரைச் சேர்ப்பது என்பது அவர் கையில் இல்லை.

அநியாயம் என்கிறீர்கள். பல வருடங்களாகக் கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான முதல் டிவிஷனில் ஓர் ஆண்கள் டென்னிஸ் அணிக்கு 4.5 ஸ்காலர்ஷிப், பெண்கள் அணிக்கு 8 என்றுதான் உச்சவரம்பு இருந்தது. காரணம் அமெரிக்க ஃபுட்பால். அதில் ஒரு பெரிய அணியிலேயே 85 ஆண்களுக்கு ஸ்காலர்ஷிப் போனது. 1972-இல் வந்த டைட்டில் ஒன்பது சட்டப்படி பெண்களுக்கும் உரிய பங்கு போக வேண்டும் என்பதால், மற்ற ஆட்டங்களில் ஆண்கள் பக்கம் குறைந்தது. 2025-இல் ஒரு வழக்கின் சமரசம் இதை மாற்றியது. அதை ஏற்ற பல்கலைக்கழகங்களில் இப்போது இரண்டு அணிக்கும் தலா பத்துப் பேர், பத்துப் பேருக்கும் பணம் கொடுக்கலாம். கொடுப்பதும் கொடுக்காததும் பல்கலைக்கழகத்தின் இஷ்டம். அயோவா, மினசோட்டா பல்கலைக்கழகங்கள் 2020-இல் ஆண்கள் டென்னிஸையே நிறுத்துவதாக அறிவித்தன. உங்கள் மகள் வாங்கிய ஸ்காலர்ஷிப்புக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சரி, இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். மகனுக்குத் தசமப் புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் வரை எழுதியிருக்கிறீர்கள். அடிபட்ட முழங்கால் வலதா இடதா என்பதுகூட எனக்குத் தெரிந்துவிட்டது. மகளுக்கு மூன்றே சொல். அவள் யூடிஆர் எத்தனை? வலது கையா, இடது கையா? அவளுக்கும் தனிக் கோச் உண்டா? உலகம் முழுவதிலும் இருந்து ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கும் ஒரு கோச், உங்கள் வீட்டுப் பெண்ணிடம் எதையோ பார்த்துத்தான் முழுப் பணமும் தருகிறேன் என்கிறார். என்ன பார்த்தார் என்று கேட்டீர்களா? அந்தப் பெண் இதற்கு என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூடக் கடிதத்தில் இல்லை. அவள் சம்பாதித்ததை வைத்து நீங்கள் பேரம் பேசப் போகிறீர்கள். அதையாவது அவளிடம் சொன்னீர்களா?

வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக விளையாடி 2007, 2008 இரண்டு வருடமும் அமெரிக்கக் கல்லூரி டென்னிஸின் ஒற்றையர் பட்டம் வாங்கிய சோம்தேவ் தேவ்வர்மனை உங்களுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். அதே பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணியிலிருந்து 2014, 2016-இல் அதே ஒற்றையர் பட்டம் வாங்கிய டேனியல் காலின்ஸைத் தெரியுமா? 2022 ஆஸ்திரேலிய ஓபன் இறுதி ஆட்டம் வரை போனவர். 2021-இல் எம்மா நவாரோ. அவரும் அதே அணிதான்.

உடன்பிறந்தவனுக்காகப் பெண் விட்டுக்கொடுப்பதை நம் வீடுகளில் பெருமையாகப் பேசுவார்கள். எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். முக்கால்வாசி வீடுகளில் யாரும் அந்தப் பெண்ணைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். அப்பாவின் கடமை இரண்டு பிள்ளைகளையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்புவதல்ல, அவரவருக்கு எது தோது என்று தனித்தனியாக உட்கார்ந்து யோசிப்பது.

மகனுக்கும் நீங்கள் நல்லது செய்யவில்லை. ஒரு போட்டியில் ஒற்றையர் ஆடுவது ஆறு பேர். முன்னணி ஆண்கள் அணிகளில் யூடிஆர் 13-க்கு மேல், பலர் வெளிநாட்டிலிருந்து இருபது வயதைத் தாண்டி வந்தவர்கள். அங்கே உங்கள் பையன் காசும் கட்டி, நான்கு வருடம் ஓரமாக நின்று கைதட்ட வேண்டியிருக்கும். 11.87 ஒன்றும் மட்டமில்லை. முதல் டிவிஷனிலேயே சின்னக் கல்லூரிகள் இருக்கின்றன. மூன்றாம் டிவிஷனில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனால் மதிப்பெண்ணுக்கும் வீட்டு வருமானத்துக்கும் ஏற்ற உதவி உண்டு. அங்கே போனால் முதல் வருடமே களத்தில் இறங்குவான். அந்தக் கோச்சுகளுக்கு அவனே மெயில் எழுதட்டும், நீங்கள் எழுதாதீர்கள்.

மகள் விஷயத்தில் உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான். கையெழுத்துப் போடுமுன் அந்த ஸ்காலர்ஷிப் எத்தனை வருடத்துக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஒரு வருடத்துக்கு மட்டும் கொடுத்து, பிறகு வருடா வருடம் புதுப்பிக்கும் வழக்கம் உண்டு. அடிபட்டு ஆட முடியாமல் போனால் பணம் நிற்குமா என்பதையும் கேட்கட்டும். பேசுவது அவளாக இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.