முள் கிரீடமும் ரப்பர் ஸ்டாம்பும்

கேள்வி: அமெரிக்க ராக் குழு நைன் இன்ச் நெய்ல்ஸின் ‘ஹர்ட்’ பாட்டை, கண்ட்ரி பாடகர் ஜானி கேஷ் பாடிய பாணியில், தமிழ் வரிகளோடு பதிவு செய்து யூடியூபில் போடப் போகிறோம். அடுத்தவர் பாட்டை நாமே பாடிப் பதிவு செய்ய ‘கவர் லைசென்ஸ்’ வாங்கித் தர ஒரு ஏஜென்ட் 15,000 ரூபாய் கேட்கிறார். தரலாமா? கேஷே வார்த்தையை மாற்றிப் பாடியவர்தானே?

பதில்: தராதீர்கள். அந்தக் காசுக்கு நல்ல மைக் வரும். போன வருடம் ஒரு பையன் இப்படி வாங்கிய ‘லைசென்ஸை’ எடுத்து வந்தான். கலர் பிரிண்ட், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் இருந்தது. பாட்டை எழுதியவர் என்ற இடத்தில் ‘ஜானி கேஷ்’! எழுதியது நைன் இன்ச் நெய்ல்ஸின் டிரெண்ட் ரெஸ்னர், அவர்களுடைய 1994 ஆல்பத்துக்காக. உரிமை யாரிடம் என்றே தெரியாதவர் எதை வாங்கித் தந்திருப்பார்?

உங்கள் சிக்கல் கவர் அல்ல, தமிழ் வரிகள். மொழிபெயர்க்க, பாட்டின் வரி, மெட்டு உரிமையைக் கையாளும் பப்ளிஷரிடம் எழுத்தில் அனுமதி வேண்டும். கவருக்கு மட்டும் நம் காப்பிரைட் சட்டத்தின் 31சி பிரிவு வழி விடுகிறது: முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும், முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், குறைந்தது 50,000 பிரதிக்கு ராயல்டி கட்ட வேண்டும். யூடியூபில் பாடும் நாலு பேருக்கு 50,000 பிரதியாம்! 2012-இல் சேர்த்த பிரிவு, ஏதோ கேசட் கடைக்கு எழுதியது போல இருக்கிறது.

சரி, கேஷ். பாட்டின் ஒரு வரியில் ரெஸ்னர் தன் தலையில் வைத்துக்கொண்ட மலக் கிரீடத்தை, 2002-இல் கேஷ் முள் கிரீடம் ஆக்கினார். ஒரே சொல்தான். ஆனால் போதையில் தன்னையே வெறுக்கும் இளைஞனின் குற்ற உணர்வு, எழுபது வயதுக் கிறிஸ்தவர் கடவுளிடம் ஒப்பிக்கும் கணக்காகிவிட்டது. அவருடைய தயாரிப்பாளர் ரிக் ரூபின், ரெஸ்னரிடம் பேசிச் சம்மதம் வாங்கியிருந்தார். உரிமையாளர் சம்மதத்தோடு ஏற்கனவே வந்த மாற்றத்தை 31சி தடுப்பதில்லை. ஆகவே முள் கிரீடத்தை நீங்களும் பாடலாம் என்பேன். அனுமதி இல்லாமல் நீங்களாக வார்த்தையை மாற்றி, மூன்றாவது கிரீடம் ஒன்றைச் செய்து சூட்டத்தான் முடியாது.

‘30 செகண்ட் வரை எடுத்தால் ஃப்ரீ’, ‘டிஸ்கிளைமர் போட்டால் போதும்’ இரண்டும் கட்டுக்கதை. கேஷின் டிராக்கிலிருந்து கிட்டாரை உருவிப் போடவும் வேண்டாம். ஒலிப்பதிவின் உரிமை தனி. நீங்களே வாசியுங்கள். முடிவில் பியானோ ஒரே கட்டையில் இடித்துக்கொண்டே சத்தத்தில் ஏறும், குரல் லேசாகக் கிழியும். மிக்ஸிங்கில் அந்தக் கிழிசலைச் சுத்தம் செய்துவிடாதீர்கள்.

பப்ளிஷருக்குத் தமிழ் வரிகளையும் அவற்றின் ஆங்கிலப் பொருளையும் சேர்த்து மெயில் அனுப்புங்கள். பதில் வர மாதக்கணக்காகும், சில சமயம் வரவே வராது. அதுவரை ஆங்கிலத்திலேயே பாடிப் பழகுங்கள்.