முட்டைகோஸ் சாப்பிட்டால் பிள்ளை வளராதா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு படிக்கிறாள். 9 வயதில் தைராய்டு குறைவு என்று சொன்னார்கள். அன்றிலிருந்து தினமும் மாத்திரை கொடுக்கிறேன். ஆனாலும் கடந்த ஒரு வருடத்தில் 3 செ.மீ.தான் வளர்ந்திருக்கிறாள். போன மாதம் ரத்தத்தில் பார்த்த டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 9.8. முட்டைகோஸ், காலிஃபிளவர், மரவள்ளிக்கிழங்கு, கம்பு எல்லாம் வளர்ச்சி ஹார்மோனைத் தடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததால் அத்தனையையும் நிறுத்திவிட்டேன். உப்புகூட இந்துப்புதான். காலையில் மாத்திரை போட்ட கையோடு சோயா சேர்த்து அரைத்த சத்துமாவுக் கஞ்சி குடித்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள். இன்னும் எதை நிறுத்த வேண்டும், டாக்டர்? – வாசகி, சேலம்

பதில்: இனி எதையும் நிறுத்த வேண்டாம் அம்மா. நிறுத்திய காய்களையும் கம்பையும் திரும்பக் கொடுங்கள். மாற்ற வேண்டியது கஞ்சி குடிக்கும் நேரத்தையும் உப்பையும்தான்.

வளர்ச்சி ஹார்மோன் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருவது. நீங்கள் சொன்ன காய்கள் அதை நேரடியாகத் தடுப்பதில்லை. அவற்றிலுள்ள சில பொருட்கள் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியின் வேலையைத்தான் ஓரளவு மந்தப்படுத்தும். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் வளர்ச்சி ஹார்மோன் சுரப்பும் குறையும், எலும்பு நீள்வதும் மெதுவாகும். வாட்ஸ்அப் செய்தி இங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும்.

முழுப் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. 1928-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வேறு ஆராய்ச்சிக்காக வளர்த்த முயல்களுக்கு முட்டைகோஸே பிரதான தீவனம். அவற்றுக்குக் கழுத்துக்கழலை வந்தது. ஆப்பிரிக்காவில் கிவு ஏரியிலுள்ள இட்ஜ்வி தீவில் மரவள்ளிதான் அன்றாட உணவு. அந்தக் கிழங்கிலுள்ள சயனைடு உடலுக்குள் தயோசயனேட்டாக மாறி, தைராய்டுக்குள் அயோடின் நுழைவதைத் தடுக்கும். அங்கே மண்ணிலும் அயோடின் குறைவு என்பதால் கழலையும் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவும் பரவலாக இருந்தன. கம்பிலும் இப்படிச் சில பொருட்கள் உண்டு. ஆனால் முயலுக்கு அது தினத் தீவனம், இட்ஜ்வி மக்களுக்கு அதுவே அன்றாட உணவு, அயோடினும் குறைவு. வாரத்தில் இரண்டு நாள் வேகவைத்த கோஸ் பொரியல் சாப்பிடும் பிள்ளைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. வேகவைக்கும்போதே கோஸின் வீரியம் பெரும்பாலும் போய்விடும். மரவள்ளியைத் தோலுரித்து, நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுத்தானே சாப்பிடுகிறோம்? அந்தப் பழக்கத்தை மட்டும் விடாதீர்கள்.

இன்னொன்று. இந்தப் பொருட்கள் தடுப்பது, சுரப்பி ஹார்மோன் தயாரிப்பதை. உங்கள் மகள் விழுங்கும் மாத்திரையோ தயாரான ஹார்மோன். குடலில் ஒழுங்காக உறிஞ்சப்பட்டுவிட்டால் எந்தக் கோஸும் அதை ஒன்றும் செய்யாது.

ஆனால் குடலில்தான் உங்கள் வீட்டுச் சிக்கல் இருக்கிறது என்று நினைக்கிறேன். சோயா இந்த மாத்திரை உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். பாலும் காபியும்கூட அப்படித்தான். மாத்திரை போட்ட கையோடு கஞ்சி குடித்தால், மருந்தில் ஒரு பகுதி வீணாகிறது. தைராய்டு ஹார்மோன் போதாதபோது டி.எஸ்.எச். ஏறும்; அது 9.8 வரை போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். எழுந்ததும் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு மாத்திரை, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து இட்லியோ தோசையோ. சத்துமாவுக் கஞ்சி சாயங்காலத்துக்கு. இரும்பு, கால்சியம் மாத்திரை கொடுத்தால் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தரும் இரும்புச்சத்து மாத்திரையால் பிரச்சினை இல்லை. அதைத் தடுக்காதீர்கள். இப்படி 6 முதல் 8 வாரம் கொடுத்துவிட்டு மறுபடி டி.எஸ்.எச். பாருங்கள். அதற்குள் நீங்களாக மாத்திரையைக் கூட்டிவிட வேண்டாம். அளவு மீறினால் எலும்பு சீக்கிரமே முதிர்ந்து, உயரம் குறைந்துபோகும்.

இந்துப்பு பற்றி: அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். அயோடின் சேர்த்தது என்று அச்சிட்டிருக்காவிட்டால், அதில் தேவையான அளவு அயோடின் இருக்காது. கல் உப்பிலும் பல வகை அப்படித்தான். மகளுக்காவது மாத்திரை இருக்கிறது. வீட்டில் மாத்திரை சாப்பிடாத மற்றவர்களுக்குத்தான் இது இன்னும் முக்கியம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 120 மைக்ரோகிராம் அயோடின் தேவை. சமையலுக்கு அயோடின் உப்பையே பயன்படுத்துங்கள். காரணமில்லாமல் அதை விடும் போக்கு எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

கடைசியாக அந்த 3 செ.மீ. பள்ளி வயதுப் பிள்ளைகள் பருவமடையும் வரை வருடத்துக்கு 5, 6 செ.மீ. வளர்வார்கள். 11 வயதில் பல பெண் பிள்ளைகள் அதைவிட வேகமாக வளர்ந்துகொண்டிருப்பார்கள். எனவே மாத்திரை நேரத்தை மாற்றியதோடு நிற்காமல், குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரை இந்த மாதமே பாருங்கள். இடது கை மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார். தேவைப்பட்டால் வளர்ச்சி ஹார்மோன் தொடர்பான ரத்தப் பரிசோதனையும் செய்வார். பெண் பிள்ளை உயரம் குறைந்து, தைராய்டு குறைவும் இருந்தால் டர்னர் குறைபாடு (பெண் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே வரும் குரோமோசோம் குறை) இல்லை என்று உறுதிசெய்ய ஒரு குரோமோசோம் பரிசோதனையும் கேட்கலாம். அதற்குப் பயப்பட வேண்டாம். அந்தக் குறைபாடு இருந்தால்கூட, சீக்கிரம் தெரிந்தால் சிகிச்சை உண்டு.

போகும்போது பழைய டி.எஸ்.எச். ரிப்போர்ட்டுகளையும், இரண்டு மூன்று வருடமாகப் பள்ளியில் எழுதிவைத்த உயரக் கணக்கையும் எடுத்துப் போங்கள். உங்கள் இருவரின் உயரத்தையும் கேட்பார், அளந்துவைத்துக்கொள்ளுங்கள்.