கேளுங்கள், சொல்கிறேன்: வினாக்கொத்தை ஏஐ நிரப்பலாமா?

கேள்வி: சேர், நான் வணிக முகாமைத்துவம் இறுதி வருடம். முல்லைத்தீவில் பெண் தலைமைக் குடும்பங்களின் நுண்கடன் பற்றி ஆய்வு செய்கிறேன். நூறு பேரிடம் வினாக்கொத்து நிரப்ப வேண்டும். பஸ்ஸுக்கே காசு கரைகிறது. சாட்ஜிபிடி நூறு பேரின் பதிலையும் தந்துவிடும், வெளிநாட்டில் இப்படித்தான் ஆய்வு செய்கிறார்கள் என்கிறான் நண்பன். செய்யலாமா?
மாணவி, ஒட்டுசுட்டான்

பதில்: நண்பன் சொன்னதில் பாதி உண்மை, தங்கச்சி. சாட்ஜிபிடிக்கு முன்னோடியான ஜிபிடி-3 என்ற ஏஐயை அமெரிக்க வாக்காளர்கள் போலப் பதில் சொல்லவைத்த ஒரு கட்டுரை 2023இல் வந்தது. ஆனால் அதை எழுதியவர்கள் உண்மையான கருத்துக்கணிப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். நீங்கள் எதோடு ஒப்பிடுவீர்கள்? சாட்ஜிபிடி படித்ததில் பெரும்பகுதி ஆங்கில எழுத்து. கிழமைக் கட்டுக்காசு கேட்டு வருகிறவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும் அக்கா இணையத்தில் ஒன்றும் எழுதிவைக்கவில்லை. அது தரும் நூறு பதிலும் ஒரே ஆள் நூறு தரம் பேசியது போலத்தான் இருக்கும். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருளில் போட்டால் முடிவு வடிவாக வரும். வந்தாலும் அது பொய்த் தரவு. பிடிபட்டால் பட்டமே கேள்விக்குறி.

நூறு என்பது தெய்வவாக்கு இல்லை. மேற்பார்வையாளரிடம் பேசி, பதினைந்து பேருடன் ஆழமான நேர்காணல் என்று மாற்றலாமா என்று கேளுங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம் நடக்கும் நாளில் போனால் பலரை ஒரே இடத்தில் சந்திக்கலாம். காலபோக அறுவடை நேரத்தில் மட்டும் போகாதீர்கள். வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடனை அரசு தள்ளுபடி செய்ததே, அதைக் கட்டாயம் கேளுங்கள். யாருடைய கடன் போனது, யாருடையது நின்றது, பிறகு எங்கே கடன் பட்டார்கள்? உங்கள் ஆய்வே அங்கேதான் இருக்கிறது.

ஏஐயை வேறு வேலைக்கு வையுங்கள். ஆங்கில வினாக்களைத் தமிழாக்கச் சொல்லலாம். அதை அம்மாவிடம் வாசித்துக் காட்டி, அவர் முகம் சுளிக்கும் வரிகளைத் திருத்துங்கள். பிற்செலவு (regression) அட்டவணையை விளக்கச் சொல்லலாம். உசாத்துணை மட்டும் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கும் ஆண்டு, பக்க எண் எல்லாம் போட்டுத் தரும். பயன்படுத்தியதை ஆய்வுமுறை அத்தியாயத்தில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: நானே ஆங்கிலத்தில் எழுதிய ஒப்படையை ஏஐ எழுதியது என்று ஒரு மென்பொருள் காட்ட, விரிவுரையாளர் பூச்சியம் போட்டுவிட்டார். என்ன செய்யலாம்?
மாணவன், நெடுங்கேணி

பதில்: தம்பி, சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐயே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களின் கட்டுரைகளை இப்படியான கருவிகள் அடிக்கடி பிழையாகப் பிடிப்பதை ஸ்டான்போர்ட் ஆய்வாளர்களும் அதே ஆண்டு காட்டினார்கள். சண்டைக்குப் போகாதீர்கள். கூகுள் டொக்ஸில் எழுதியிருந்தால் திருத்த வரலாறு அப்படியே இருக்கும். அதைக் காட்டி, பத்து நிமிடம் வாய்மொழியாகக் கேள்வி கேட்கும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பீடாதிபதிக்கு ஒரு பிரதி.