பட்டம் இல்லாவிட்டால் வேட்புமனு செல்லாதா? – கேள்வி பதில்

தேர்தல் சட்டத்தையும் வேட்புமனுப் பரிசீலனையையும் நெடுநாளாகக் கவனித்துவரும் ஒருவர், "பெரிய பதவிக்கு நிற்பவருக்குக் கல்லூரிப் பட்டம் வேண்டுமா" என்பதையொட்டிப் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு எழுதிய பதில்கள்.

திருப்பூர்: எம்.எல்.ஏ., எம்.பி., முதல்வர், பிரதமர், ஜனாதிபதி. இதில் எதற்காவது படிப்புத் தகுதி உண்டா?

எதற்கும் கிடையாது. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 25 வயது, மாநிலங்களவைக்கு 30, ஜனாதிபதிக்கு 35. இந்தியக் குடியுரிமையும் வாக்காளர் பட்டியலில் பெயரும் வேண்டும். சட்டமன்றத்துக்கு 10,000, மக்களவைக்கு 25,000 ரூபாய் டெபாசிட். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு அதில் பாதி. படிப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஆனால் நாடாளுமன்றம் நினைத்தால் நாளைக்கே கொண்டுவரலாம். அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. "நாடாளுமன்றம் சட்டத்தால் வகுக்கும் பிற தகுதிகள்" என்று 84-ஆம் பிரிவும் 173-ஆம் பிரிவும் கதவைத் திறந்தே வைத்திருக்கின்றன. சாதாரணச் சட்டம் ஒன்று போதும். பலர் கவனிக்காத ஒன்றும் இதில் உண்டு. மக்களவைக்கு நிற்கத் தகுதியுள்ளவர்தான் ஜனாதிபதிக்கு நிற்கலாம் என்கிறது 58-ஆம் பிரிவு. எனவே எம்.பி.க்குப் பட்டம் கட்டாயம் என்று ஒரு சட்டம் வந்தால், ராஷ்டிரபதி பவனுக்கும் அதுவே கட்டாயமாகிவிடும்.

சேலம்: தகுதியே இல்லை என்றால் பிரமாணப் பத்திரத்தில் ஏன் படிப்பைக் கேட்கிறார்கள்?

தகுதி வேறு, தகவல் வேறு. இன்றைக்கு வரும் கேள்விகளில் பாதி இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருபவை.

வேட்பாளரின் குற்ற வழக்கு, சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை வாக்காளர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்று அது வேட்புமனுவோடு தரும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரமாக இருக்கிறது. அதில் கல்விக்கு இரண்டு இடங்கள். பகுதி அ-வில் விரிவாக எழுத வேண்டும்: முடித்தவற்றில் உயர்ந்த படிப்பு எது, அதன் முழுப்பெயர் (சுருக்கெழுத்து கூடாது), பள்ளி அல்லது கல்லூரி, பல்கலைக்கழகத்தின் பெயர், முடித்த ஆண்டு. பகுதி ஆ அதன் சுருக்கம். பலர் பகுதி அ-வைக் கவனமாக நிரப்பிவிட்டு, சுருக்கத்தைப் பழைய தேர்தலின் நகலிலிருந்து அப்படியே ஒட்டுவார்கள். ஒன்றில் 1998, இன்னொன்றில் 1999 என்று நிற்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் புரட்டும் பக்கம் அதுதான்.

சான்றிதழ் நகல் இணைக்க வேண்டியதில்லை. தேர்தல் நடத்தும் அலுவலர் உண்மையா பொய்யா என்று விசாரிக்கவும் மாட்டார். பத்திரம் முழுமையாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். கட்டம் காலியாக இருந்தால் நிரப்பித் தரச் சொல்லி நோட்டீஸ் கொடுப்பார். அப்படியும் நிரப்பாவிட்டால் பரிசீலனையில் மனு தள்ளுபடியாகிவிடும். 2013-இல் ரிசர்ஜென்ஸ் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த விதி இது. படிக்கவில்லை என்றால் "இல்லை" என்று எழுத்தில் எழுதுங்கள். கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், வெறும் கோடும் இழுக்காதீர்கள்.

கோயம்புத்தூர்: அலுவலக உதவியாளர் வேலைக்கே எட்டாம் வகுப்பு கேட்கிறார்கள். நாட்டை ஆள்பவருக்கு வேண்டாமா?

நியாயமான கேள்விதான், பழைய கேள்வியும்கூட. 1949 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபையில் ராஜேந்திர பிரசாத் இதையே சொல்லி வருந்தினார். சட்டத்தை நடைமுறைப்படுத்துபவருக்கு உயர்ந்த தகுதி கேட்கிறோம், இயற்றுபவருக்குத் தேர்ந்தெடுக்கப்படுவதைத் தவிர ஒன்றும் கேட்பதில்லை, இது முரண் என்றார். வருந்தினாரே தவிர, சபை அதை எழுதவில்லை. 1951 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 18 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியிருந்தது. படிப்பைத் தகுதியாக வைத்திருந்தால் எல்லோருக்கும் வாக்கு, சிலருக்கு மட்டும் போட்டி என்றாகியிருக்கும்.

உதவியாளரை யாரோ ஓர் அதிகாரி தேர்வு செய்கிறார். அவர் தன் இஷ்டத்துக்கு ஆள் எடுக்காமல் தடுக்கத்தான் அங்கே தகுதி விதி. வேட்பாளரைத் தேர்வு செய்பவர் வாக்காளர். அவர் கையைக் கட்ட அந்த விதியைக் கடன் வாங்கக் கூடாது.

ஈரோடு: பி.ஏ. இரண்டாம் ஆண்டோடு நின்றவர் என்ன எழுத வேண்டும்?

பிளஸ் டூ, பள்ளியின் பெயர், ஆண்டு. படிவம் முடித்த படிப்பைத்தான் கேட்கிறது. பி.ஏ.வைக் குறிப்பிட்டே ஆக வேண்டுமென்றால் பக்கத்திலேயே "முடிக்கவில்லை" என்று எழுதுங்கள்.

தஞ்சாவூர்: கௌரவ டாக்டர் பட்டத்தைக் கல்விக் கட்டத்தில் போடலாமா?

வேண்டாம். அது படித்து முடித்த படிப்பு அல்ல.

விருதுநகர்: ஆறாம் வகுப்போடு நின்ற காமராஜர் ஒன்பது ஆண்டுகள் ஆளவில்லையா? இதற்கு மேல் என்ன விவாதம்?

இந்த உதாரணம் வருமென்று தெரியும். 1954 ஏப்ரல் முதல் 1963 அக்டோபர் வரை அவர் முதல்வர். மதிய உணவும் கிராமப் பள்ளிகளும் அந்தக் காலத்தில் பரவின. உதாரணம் சரிதான், ஆனால் அதை வைத்து "படிப்பே வேண்டாம்" என்று பேசுவது அவருக்குச் செய்யும் அநியாயம். பள்ளிக்கூடம் திறந்தவர் அவர்.

மறுபடி கோயம்புத்தூர்: காமராஜர் விதிவிலக்கு. விதிவிலக்கை வைத்து விதி செய்யக் கூடாது.

விதிவிலக்கு என்பது அவர் ஆண்டு முடித்த பிறகு நமக்குத் தெரிந்தது. 1954-இல் வேட்புமனுவை வாங்கும் அலுவலருக்கு எப்படித் தெரியும்? பட்டம் கட்டாயம் என்று சட்டம் இருந்திருந்தால் மனு அந்த மேஜையிலேயே முடிந்திருக்கும். "மேதைகளுக்குத் தளர்வு" என்று எந்தப் படிவத்திலும் கட்டம் வைக்க முடியாது.

விருதுநகர்: அப்படிச் சொல்லுங்கள். பட்டதாரிகள்தான் ஃபைலைப் புரட்டத் தெரியாமல் நிற்கிறார்கள்.

நீங்களும் அவசரப்படாதீர்கள். காமராஜர் அமைச்சரவையில் சி. சுப்பிரமணியமும் ஆர். வெங்கட்ராமனும் இருந்தார்கள். இருவரும் சட்டம் படித்தவர்கள். கல்வித் துறையில் நெ.து. சுந்தரவடிவேலு இருந்தார். தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தெரிந்தது அவர் திறமை. படித்தவர் தேவையே இல்லை என்பதற்கு அது சாட்சி ஆகாது.

கோவை நண்பர் சொல்வதில் ஓர் உண்மை உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். மானியக் கோரிக்கைப் புத்தகத்தை (ஒவ்வொரு துறையும் செலவுக்குப் பணம் கேட்கும் பட்ஜெட் ஆவணம்) வாசிக்கத் தெரியாத உறுப்பினர் அதிகாரி சொல்வதை நம்பித்தான் கை தூக்க வேண்டும். ஆனால் வேதியியல் பட்டதாரிக்கும் அந்தப் புத்தகம் முதல் நாளில் புரியாது. மசோதாவை எழுதுவது சட்டத் துறை. உறுப்பினர் செய்ய வேண்டியது, யாருக்கு எவ்வளவு, ஏன் என்று கேட்பது. அதற்கு வேண்டியது ஆராய்ச்சி உதவியாளரும் நூலகமும் பயிற்சியும். பட்டச் சட்டம் கேட்பவர்கள் இவற்றைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

மூன்றாம் முறை கோயம்புத்தூர்: ஹரியானாவில் செய்தார்களே, உச்ச நீதிமன்றமும் சரி என்றதே?

இதற்கு விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

2015-இல் ஹரியானா தன் பஞ்சாயத்துச் சட்டத்தைத் திருத்தியது. பொதுப் பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் எட்டாம் வகுப்பு, வார்டு உறுப்பினராக நிற்கும் பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஐந்தாம் வகுப்பு. கூடவே வீட்டில் கழிப்பறை வேண்டும், மின்கட்டணமும் கூட்டுறவுக் கடனும் பாக்கி இருக்கக் கூடாது. ராஜ்பாலா வழக்கில் நீதிபதிகள் செலமேஸ்வரும் சாப்ரேயும் அந்த டிசம்பர் 10-ஆம் தேதி இதைச் செல்லும் என்றார்கள். நல்லது கெட்டது பிரித்தறியும் ஆற்றலைத் தருவது கல்விதான் என்பது தீர்ப்பின் தர்க்கம்.

தீர்ப்பை மேற்கோள் காட்டுபவர்கள் இரண்டை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, அது பஞ்சாயத்தைப் பற்றியது. அங்கே மாநிலச் சட்டமன்றமே தகுதியிழப்பைக் கூட்டிக்கொள்ள அரசியல் சட்டத்தின் 243எஃப் பிரிவு இடம் தருகிறது. எம்.பி., எம்.எல்.ஏ. பதவிகளுக்கு நாடாளுமன்றம்தான் சட்டம் செய்ய வேண்டும். இரண்டு, எண்ணிக்கை. 20 வயதுக்கு மேற்பட்ட கிராமத்தவரில் 57 சதவீதம் பேர் நிற்கத் தகுதியுள்ளவர்கள் என்று மாநில அரசே நீதிமன்றத்தில் சொன்னது. மீதி 43? பள்ளிக்கூடம் கட்டாத குற்றம் அரசுடையது, தண்டனை படிக்க முடியாமல் போனவருக்கு. அதிலும் பெண்கள்தான் அதிகம் அடிபடுவார்கள்.

ராஜஸ்தானையும் பாருங்கள். 2014 டிசம்பரில் அவசரச் சட்டம்: சர்பஞ்சுக்கு (ஊராட்சித் தலைவர்) எட்டாம் வகுப்பு, பழங்குடிப் பகுதியில் ஐந்து, ஜில்லா பரிஷத்துக்கு (மாவட்ட ஊராட்சி) பத்து. பிறகு போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்ததாக வழக்குக்கு மேல் வழக்கு. 2019-இல் அந்தத் தகுதி விதியையே நீக்கினார்கள்.

திண்டுக்கல்: பியூன் வேலைக்கே படிப்பு கேட்கும்போது...

மேலே கோயம்புத்தூருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

புதுச்சேரி: வெளிநாடுகளில் எப்படி?

பாகிஸ்தானில் முஷாரப் ஆட்சி 2002 தேர்தலுக்குப் பட்டத்தைக் கட்டாயமாக்கியது. மதரஸா சான்றிதழ் பட்டத்துக்குச் சமம் என்று ஏற்கப்பட்டதால் மதக் கட்சிகளுக்குச் சிக்கல் இல்லை, படிக்காத விவசாயிக்குத்தான் வாசல் மூடியது. 2008 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. போலிப் பட்ட விவகாரம் அதற்குப் பிறகும் ஓயவில்லை.

துருக்கியில் ஜனாதிபதி உயர்கல்வி முடித்திருக்க வேண்டும். 2025 மார்ச் 18 அன்று இஸ்தான்புல் பல்கலைக்கழகம், எதிர்க்கட்சியின் முன்னணித் தலைவரான மேயர் இமாமோலுவின் பட்டத்தை ரத்து செய்தது. மறுநாள் அவரைக் காவலில் எடுத்தார்கள். பட்டத்தைத் தகுதியாக்கினால், யார் நிற்கலாம் என்று முடிவு செய்யும் சாவி பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிறது.

கும்பகோணம்: முன்பு சட்டமன்ற மேலவையில் பட்டதாரி தொகுதி இருந்ததே, அதில் நிற்க மட்டும் பட்டம் வேண்டுமல்லவா?

இன்றைக்கு வந்ததில் நல்ல கேள்வி. வேண்டாம்! வாக்களிப்பவர் பட்டதாரியாக இருந்தால் போதும். சென்னை மாவட்டப் பட்டதாரி தொகுதியில் பட்டம் இல்லாத ஒருவர் ஜெயித்தார். உயர் நீதிமன்றம் செல்லாது என்றது, உச்ச நீதிமன்றம் 1972-இல் நாராயணசாமி – பன்னீர்செல்வம் வழக்கில் அதை மாற்றியது. சட்டத்தில் எழுதாத தகுதியை நீதிமன்றம் சேர்க்க முடியாது என்பது காரணம். தமிழக மேலவை 1986-இல் போனது. கர்நாடகம், மகாராஷ்டிரம் போல மேலவை உள்ள இடங்களில் இந்த நிலை இன்றும் உண்டு.

வேலூர்: பொய்யாகப் பட்டம் எழுதினால் என்ன ஆகும்?

இரண்டு வழி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இன்னொன்று தேர்தல் வழக்கு: முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். 46-ஆம் நாள் போனால் எவ்வளவு நல்ல ஆதாரமும் குப்பைதான்.

மணிப்பூர் மொய்ராங் தொகுதியில் 2012-இல் ஜெயித்த பிருத்விராஜ், மைசூர் பல்கலைக்கழகத்தில் 2004-இல் எம்.பி.ஏ. முடித்ததாக எழுதியிருந்தார். அப்படிப் படிக்கவில்லை. எழுத்துப் பிழை என்று வாதாடினார். 2008 பிரமாணப் பத்திரத்திலும் அதே எம்.பி.ஏ. இருந்ததால் வாதம் நிற்கவில்லை. 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவர் வெற்றி செல்லாது என்பதை உறுதி செய்தது. எம்.பி.ஏ. இல்லாததால் பதவி போகவில்லை, இருப்பதாக எழுதியதால் போனது.

சென்னை: இன்ன தலைவரின் பட்டம் உண்மையா? சொல்லத் தைரியம் உண்டா?

பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணைய இணையதளத்தில் இருக்கிறது. நீங்களே இறக்கிப் பாருங்கள்.

அரியலூர்: அரசு வேலைக்கே டிகிரி...

விடுங்கள்.

தருமபுரி: கையெழுத்துப் போடத் தெரியாதவர் மனுவே தாக்கல் செய்ய முடியாதுதானே?

முடியும். 1961 தேர்தல் நடத்தை விதிகளில் 2-ஆம் விதி இடம் தருகிறது. தேர்தல் நடத்தும் அலுவலர் முன்போ, ஆணையம் குறித்த அதிகாரி முன்போ கைநாட்டு வைக்க வேண்டும். ஆள் இன்னார்தான் என்று உறுதி செய்து அவர் சான்றொப்பம் இட வேண்டும். வீட்டிலேயே மை தடவி வைத்து அனுப்பினால் அது கையொப்பம் ஆகாது. இங்கேதான் மனுக்கள் விழுகின்றன.

பெரம்பலூர்: நாளை கடைசி நாள். அண்ணன் பிளஸ் டூ ஃபெயில். கல்விக் கட்டத்தை விட்டுவிடலாமா?

விடவே கூடாது! பத்தாம் வகுப்பு, பள்ளியின் பெயர், தேறிய ஆண்டு என்று இரண்டு பகுதியிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். நோட்டரி கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். மனு வாங்குவது 11 மணி முதல் 3 மணி வரை. 11 மணிக்கே போய்விடுங்கள்.